கடைசி சீனில் ஒரு வாலாஜாபாத் பஸ்

சம்பளம் தராமல் படம் எடுக்கக் கிளம்புகிறவனுக்குக் காமிராவைவிட முக்கியமாகத் தேவைப்படுவது, யார் என்ன சொன்னாலும் உறைக்காத தோல். நண்பர்களைக் கெஞ்சிக் கூட்டிவந்து, அவர்களுடைய லீவு நாளைப் பிடுங்கிக்கொண்டு, டீயை மட்டும் ஊற்றி நடிக்க வைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வது புரியும். நாமெல்லாம் ஒரே கடையில் தலைவலி மாத்திரை வாங்கியவர்கள்.

1991இல் நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எத்தனை மணி நேரம் ஓ.டி. என்று அட்டை பார்த்துப் பதிவதுதான் வேலை. அந்த வருஷம் எனக்கு ஒரு மணி நேர வீடியோ படம் எடுத்தே தீரவேண்டும் என்று பித்துப் பிடித்தது. கதை சின்னது. கம்பெனிக்குப் போகும் ஒரு புருஷன், பெண்டாட்டி. ஒத்துப்போகவில்லை. கடைசியில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாள். அவன் அசையாமல் நிற்கிறான். ஏன் இவ்வளவு சோகம் என்று கேட்டவர்களிடம் யதார்த்தம், கலை என்றெல்லாம் அளந்தேன். உண்மை வேறு. சேர்த்து வைத்து முடித்தால் சொந்தக்காரர்கள், விருந்து, கூட்டம் எல்லாம் காட்டவேண்டும். பிரித்து வைக்க ஒரு பஸ் போதும்.

பேசாத ஜோடி

கதாநாயகி தேடி நான் அலைந்த அலைச்சலுக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. எங்கள் கேன்டீன் மாஸ்டர் ஆரோக்கியம் அண்ணன்தான் வழி காட்டினார். அவர் குடியிருந்த வரிசை வீடுகளில் அடுத்த வீட்டுப் பெண் மல்லிகா. ரேடியோவுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. “அந்தப் பொண்ணு குழாயடியில பேசறத கண்ண மூடிகினு கேளு தம்பி, மூஞ்சி தெரியும்” என்றார் அண்ணன். மல்லிகா ஒப்புக்கொண்டார், ஒரே நிபந்தனையோடு. புருஷனாக நடிப்பது சொந்தப் புருஷனாகவே இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் வாடகை வாங்கும் வீட்டுக்காரம்மா வாய் சும்மா இருக்காது. புருஷன் தேவராஜ் எங்கள் கம்பெனியிலேயே ஃபிட்டர். அவரும் சரி என்றார். நிஜ ஜோடியே கிடைத்துவிட்டது என்று நான் வானத்தில் பறந்தேன்.

முதல் நாள், தேவராஜ் ஷிஃப்ட்டுக்குப் போகுமுன், இரண்டு பேரும் கேன்டீன் பெஞ்சில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். எந்த நாள் வசதி என்று மல்லிகாவைக் கேட்டேன். “அவருக்கு எப்ப லீவுன்னு கேளுங்க சார்” என்றார். நாலடி தள்ளி இருந்த தேவராஜ், “அவங்களுக்கு எப்போன்னு கேளுங்க சார்” என்றார். தபால்காரன் வேலை பார்த்து எனக்குத் தொண்டை வறண்டது. ஏதோ சண்டை, மாதக்கணக்கில் பேச்சில்லை என்று ஆரோக்கியம் அண்ணன் காதோடு சொன்னார். பேசிக்கொள்ளாதவர்களை வைத்துக் குடும்பக் கதை எப்படி எடுப்பது என்று நான் விழித்தேன். மல்லிகாதான் ஆறுதல் சொன்னார்.

“டயலாக் எழுதிக் குடுங்க சார், அவருகிட்ட நல்லாவே பேசறேன். நானா பேசணும்னாதான் வராது.”

பந்தி

காமிரா, கேசட், விளக்கு எல்லாம் ஸ்ரீபெரும்புதூரில் கடை வைத்திருந்த வீடியோ மூர்த்தியுடையது. ஆடியில் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் கிடையாது, சும்மா கிடக்கிற காமிராதானே என்று வாடகை வாங்காமல் வந்தார். தங்கமான மனுஷன். ஆனால் ஏழு வருஷம் கல்யாணமே எடுத்த கை. புருஷன் பெண்டாட்டி சண்டை போடும் சீனில் மல்லிகாவின் பங்கை மட்டும் முதலில் எடுத்தோம்; அவர் கண் கலங்கி ஒரு வசனம் பேசினார். கேசட்டைப் போட்டுப் பார்த்தால், வசனம் மட்டும் கேட்கிறது. திரையில் ரசம், பொரியல், அப்பளம், ஊறுகாய். தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் கிட்டத்தில் எடுத்திருந்தார். போதாக்குறைக்குப் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணன் காமிராவைப் பார்த்துச் சிரித்துக் கும்பிடுகிறார்.

அந்தப் பெண் அழுகிறாள், நீ அப்பளத்தை எடுக்கிறாயே என்று கத்தினேன். மூர்த்திக்கு என் கோபம் கொஞ்சமும் விளங்கவில்லை.

“சாப்பாட்ட வுட்டுட்டா பொண்ணு வூட்டுக்காரங்க கோச்சிக்குவாங்க சார்.”

மூங்கில் கழி

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஒரே நாளில் வார விடுமுறை கிடையாது. கரண்ட் பற்றாக்குறை, ஆளுக்கொரு நாள். தேவராஜுக்கு ஞாயிறு, மல்லிகாவுக்கு வெள்ளி. மற்ற நாளிலாவது சேர்த்து நிற்க வைக்கலாம் என்றால், மல்லிகா முதல் ஷிஃப்ட், விடிவதற்குள் வேன் ஏறவேண்டும். தேவராஜ் இரண்டாவது ஷிஃப்ட். மல்லிகா திரும்பி வரும்போது அவர் கம்பெனிக்குள் இருப்பார்; அவர் வரும்போது மல்லிகா தூங்கியிருப்பார். வெள்ளிக்கிழமை நான் வேலை முடித்து வருவதற்குள் தேவராஜ் ஷிஃப்ட்டுக்குப் போயிருப்பார், ஞாயிற்றுக்கிழமை மல்லிகா ஓ.டி. முடித்து வர இருட்டிவிடும். அதனால் ஒரு மூங்கில் கழி நட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதில் மல்லிகாவின் புடவையைச் சுற்றுவேன், தேவராஜ் அதைப் பார்த்து வசனம் பேசுவார். வெள்ளிக்கிழமை தேவராஜின் கட்டம் போட்ட சட்டையை மாட்டுவேன், மல்லிகா அதனிடம் பேசுவார். கேசட்டில் வெட்டி ஒட்டினால் பேசிக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மூர்த்தி விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியில் மல்லிகா ஊசி நூல் கொண்டுவந்து, கழியில் தொங்கிய சட்டைக்கு இரண்டாவது பட்டனைத் தைத்துவிட்டார். போன ஞாயிறு எடுத்ததில் அங்கே பட்டன் இல்லை. ஒரே சீனில் பட்டன் போகும், வரும். தலையில் அடித்துக்கொண்டேன். “பட்டன் இல்லாத சட்டைய எவ்ளோ நேரம் சார் பாத்துகினு நிக்கறது?” என்றார்.

அடுத்த ஞாயிறு கத்தரிக்கோலோடு காத்திருந்தேன். தேவராஜ் சட்டையைப் போட்டதும் பட்டனைத் தடவிப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். சொன்னேன். நான் கத்தரிக்கோலை நீட்டியதும் பட்டனைக் கைக்குள் மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

“முன்ன எடுத்தத வேணா மறுபடி எடுத்துக்கோங்க சார், நாள் பூரா நிக்கறேன். இது இருக்கட்டும்.”

சங்கு

பஞ்சாயத்து சீனுக்குப் பதினைந்து பேரைத் திரட்டியிருந்தேன். எல்லாரும் கம்பெனி ஆட்கள். பெரியவராக ஆரோக்கியம் அண்ணன். அவரே ஒட்டடைக் கம்பில் மைக்கைக் கட்டிப் பிடிக்கிறவரும் என்பதால், அந்த ஒரு சீனுக்கு மைக்கை மரத்தில் கட்டினோம். அதிசயமாக எல்லாம் சரியாகப் போனது. அண்ணன் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்துக் கம்பெனியில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. பதினைந்து பேரும் பொசுக்கென்று எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கவே ஆரம்பித்தார்கள்.

அது எங்கள் கம்பெனிச் சங்குகூட இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் திரும்ப உட்கார்ந்தபோது வெட்கப்பட்டார்.

“இருபது வருசமா ஊதனா எழுந்துக்கறோம், ஊதனா உக்கார்றோம் தம்பி. நாமளா எழுந்துக்க மறந்தே போச்சி.”

ஜோடியா நில்லுங்க

சண்டைக்குக் காரணம் மூர்த்தி சொல்லித்தான் தெரிந்தது. மல்லிகாவின் தாய்வீடு வாலாஜாபாத். மாசியில் அங்கே தங்கைக்குக் கல்யாணம், வீடியோ மூர்த்தியேதான். அன்றைக்குப் பார்த்துக் கம்பெனியில் அவசரமாகச் சரக்கு அனுப்பவேண்டியிருந்தது. யார் நிற்கிறீர்கள் என்று சூப்பர்வைசர் கேட்டார், தேவராஜ் கையைத் தூக்கினார். அதற்கு ஒரு மாதம் முன்புதான், நிரந்தரமாக இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு யார் என்று கேட்டபோதும் மல்லிகாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கையைத் தூக்கியிருந்தார். அந்த ஷிஃப்ட்டையும் அந்த ஓ.டி.யையும் அட்டையில் பதிந்த கை என்னுடையது. அது ஒரு குடும்பத்துக்குள் போய் விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

புரட்டாசி பிறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மல்லிகா என்னிடம் வந்தார். “தங்கச்சி கல்யாணத்துல வீடியோக்காரரு ஜோடியா நில்லுங்க, ஜோடியா நில்லுங்கன்னு மூணு வாட்டி கூப்ட்டாரு சார். மூணு வாட்டியும் நான் தனியா போயி நின்னேன். மாப்ள எங்க, மாப்ள எங்கன்னு ஊரே கேட்டுது.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “கடைசி சீன்ல வாலாஜாபாத் பஸ்ஸுதானே ஏறறேன்? அப்படியே அம்மா வூட்டுக்குப் போயிடறேன். கம்பெனி வேன் அங்கேந்தும் வருது. அவருகிட்ட சொல்லாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. பெண் கேட்டுக்கொண்டாள், வாக்குக் கொடுத்தேன் என்று இங்கே நல்ல பிள்ளையாக எழுதலாம். ஆனால் உண்மையான காரணம், தேவராஜுக்குத் தெரிந்தால் கடைசி சீனுக்கு வரமாட்டார் என்ற பயம். இதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. போகிறபோது மல்லிகா திரும்பி நின்றார்.

“ரெண்டாவது வாட்டி எடுக்கணும்னா வேற ஆள வெச்சிக்கோங்க சார். நான் ஏறனா எறங்க மாட்டேன்.”

போடு

ஆகஸ்ட் பதினைந்து இரண்டு பேருக்கும் விடுமுறை. மழை கொட்டித் தீர்த்தது. அடுத்து இரண்டு பேரும் ஒன்றாகக் கிடைத்தது காந்தி ஜெயந்தியன்றுதான். மூங்கில் கழியைப் பிடுங்கிப்போட்டு அவர்களை எதிரெதிரே உட்கார வைத்தேன். சீன் சுலபம். அவர் சாப்பிடுகிறார். “சாதம் போடட்டுமா?” என்று அவள் கேட்கவேண்டும். “வேணாம்” என்று அவர் கையை உதறி எழுந்து போகவேண்டும். அவ்வளவுதான். மல்லிகா கரண்டியோடு கேட்டார். தேவராஜ், “போடு” என்றார்.

மறுபடி எடுத்தோம். “போடு.” மறுபடி. “போடு.” ஒவ்வொரு தடவையும் மல்லிகா நிஜமாகவே போட்டார், அவர் நிஜமாகவே சாப்பிட்டார். ஆறாவது தடவை குண்டானில் சாதம் தீர்ந்துபோனது. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லத் தெரியாதா, கேசட் என்ன மரத்திலா காய்க்கிறது என்று நான் குதித்தேன். தேவராஜ் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மல்லிகா காலிக் குண்டானைச் சுரண்டியபடி இருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும்.

“ஏழெட்டு மாசமா மூடி வெச்ச சோத்தத்தான் சார் துன்னுகினு கீறேன். எதுர உக்காந்து போடட்டுமான்னு கேக்கசொல்ல வேணாம்னு வாய்ல வரல.”

பொரி

சாதச் சீன் அவர்கள் மனசை மாற்றியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை. மறுநாளே பழையபடி தபால்காரன் வேலை. கடைசி சீன் ஆயுத பூஜையன்று. எல்லாக் கம்பெனிக்கும் பூஜை, எல்லாருக்கும் விடுமுறை. மாலை ஐந்து மணி வாலாஜாபாத் பஸ்ஸின் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். நான் கேட்டது சோகமான ஒரு பஸ். வந்ததோ முகப்பில் இரண்டு வாழைக்கன்று, சாமந்தி மாலை, கலர் தாள் தோரணம், கண்ணாடியெல்லாம் சந்தனப் பொட்டு. உள்ளே அத்தனை பேர் கையிலும் பொரிப் பொட்டலம். விதியே என்று, “காமிரா ஓடட்டும்” என்றேன்.

சீன்படி தேவராஜ்தான் பையைத் தூக்கிப் படியில் நிற்கும் மல்லிகாவிடம் கொடுக்கவேண்டும். ஒத்திகையில் அந்தப் பைக்குள் பழைய பேப்பரைத் திணித்திருந்தேன். இப்போது தேவராஜ் ஒரு கையால் தூக்கினார், பை எழவில்லை. இன்னொரு கையையும் கொடுத்தார். புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மூர்த்தியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பையைக் கொடுத்தார், மல்லிகா வாங்கிக்கொண்டு உள்ளே போனார், விசில் ஊதியது, பஸ் நகர்ந்தது. தேவராஜ் நின்றார். கட் சொல்கிறவரை அசையக்கூடாது என்று நான் பத்துத் தடவை சொல்லியிருந்தேன். ஒரு மயிரிழை அசையாமல் நின்றார்.

மூன்று மாதமாக நான் கேட்ட ஷாட் அதுதான். அந்த முகம் எந்த நடிகனுக்கும் வராது. இன்னும் பத்து நொடி இருந்தால் போதும், படம் முடிந்தது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து புளியமரத்தைத் தாண்டியது. தேவராஜ் உதடு மட்டும் அசைய, “சார், முடிஞ்சிதா?” என்றார். நான் பேசவில்லை. “சார், முடிஞ்சிதா சார்?” என்றார். சொல்லவேண்டிய வார்த்தை என் வாயில் இருந்தது. நான் அதை விழுங்கிக்கொண்டு நின்றேன். அந்த மனுஷனுடைய கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகுதான் “கட்” என்றேன்.

ஓடினார் பாருங்கள். பஸ் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். கல்யாண வீடியோக்காரர்கள் ‘கட்’டுக்கெல்லாம் நிறுத்துவதில்லை; மூர்த்தி எடுத்துக்கொண்டே வந்தார். அதனால்தான் பேச்செல்லாம் கேசட்டில் இருக்கிறது. பஸ் நின்றது. மல்லிகா படிக்கு வந்தார். “ஷூட்டிங்கா?” என்றார். “ஷூட்டிங் முடிஞ்சிடுச்சி. இது நானா வந்துகீறேன்” என்றார் தேவராஜ், மூச்சு இரைக்க. “நான் எறங்க மாட்டேன்.” “எறங்க வாணாம். நான் ஏறிக்கறேன். வாலாஜாபாத்துல எல்லாரும் கேட்டாங்க இல்ல, மாப்ள எங்கன்னு? வந்து சொல்றேன்.” மல்லிகா ஒரு படி மேலே ஏறி, அவர் நிற்க இடம் விட்டார். மூர்த்திக்குப் பழக்க தோஷம், “கொஞ்சம் ஜோடியா நில்லுங்க” என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேரும் நின்றார்கள். பஸ்ஸே பொரியைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கண்டக்டருக்குத்தான் பொறுமை போய்விட்டது.

“யோவ், நீ நடிக்கற ஆளா, வாலாஜாபாத் போற ஆளா? சொன்னாதானய்யா டிக்கெட் கிழிக்க முடியும்!”

பின் கண்ணாடி

விஜயதசமிக்கு மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் தேவராஜ் ஒரு தாளை நீட்டினார், முதல் ஷிஃப்ட் கேட்டு. வழக்கமாக அப்படிப்பட்ட தாள்கள் என் மேஜையில் ஒரு வாரம் தூங்கும். அதை நானே எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன், அவர் கையெழுத்துப் போடும்வரை நாலு நாள் நடந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் ஆரோக்கியம் அண்ணன் வீட்டு வாசலில் போர்வையை மறைப்பாகக் கட்டி, டி.வி.யில் படத்தைப் போட்டோம். வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பட்டன் போனது, வந்தது, அப்பளம் வந்தது, ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. என்னுடைய சோக முடிவு போயேபோய்விட்டது. தேவராஜ் ஓடுகிறார், ஏறுகிறார், வாழைக்கன்று ஆடிக்கொண்டு பஸ் போகிறது. போதாதென்று மூர்த்தி கடைசியில் அந்த இரண்டு முகத்தையும் ஒரு இருதயப் படத்துக்குள் வைத்துச் சுற்றிப் பூத் தூவியிருந்தார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆனது. எனக்கும் கண் கலங்கியது, கலைஞனாக அல்ல.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரிடமும் போய், எனக்கு முன்பே தெரிந்தும் தேவராஜிடம் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மல்லிகா கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தேவராஜ் வாங்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மல்லிகா நிமிராமலே சொன்னார்.

“அதுக்கு நான்தான் வாணாம்னேன், வுடுங்க சார். ஆனா பின் கண்ணாடியில பாத்துகினேதான் போனேன். அவரு வாய் ரெண்டு வாட்டி அசஞ்சிது, உங்க வாய் அசயவே இல்ல. ஏன் சார் அவ்ளோ நேரம்?”

மூன்று மாதம் எல்லாருக்கும் வசனம் எழுதிக் கொடுத்த எனக்கு, அந்தப் படத்தில் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, அதையும் நான் தாமதமாகத்தான் சொன்னேன்.